கறவைப் பசுவின் எரிசக்தித் தேவையைக் கணக்கிடுவது எப்படி?

தீவனக் கடையில் மூட்டை வாங்கும் விவசாயி பெரும்பாலும் கேட்கும் கேள்வி, "இதில் புரதம் எத்தனை சதவீதம்?" என்பதுதான். எரிசக்தி எவ்வளவு என்று கேட்பவர் அரிது. ஆனால் வைக்கோலை நம்பிக் கலப்பினப் பசு வளர்க்கும் இடங்களில் பால் குறைந்தாலும், ஈன்று நான்கு மாதமாகியும் பசு பருவத்துக்கு வராவிட்டாலும், பாலில் எஸ்.என்.எஃப் எனப்படும் கொழுப்பு நீங்கலான திடப்பொருள் இறங்கிப் பால் சங்கத்தில் விலை குறைந்தாலும், முதலில் சந்தேகப்பட வேண்டியது எரிசக்திப் பற்றாக்குறையைத்தான். பசுவுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு எரிசக்தி தேவை, நாம் போடும் தீவனம் அதில் எவ்வளவு தருகிறது என்ற இரண்டையும் ஓர் அளவு நாடா, ஒரு தராசு, கைப்பேசியிலுள்ள கணிப்பான் ஆகியவற்றைக் கொண்டு எந்த விவசாயியும் அரை மணி நேரத்தில் கணக்கிட்டுவிட முடியும். அதற்கான முறையை இங்கே விளக்குகிறேன்.

கலோரி என்பது வெப்பத்தின் அளவு. ஒரு கிராம் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவைப்படும் வெப்பமே ஒரு கலோரி. ஆயிரம் கலோரி ஒரு கிலோகலோரி, ஆயிரம் கிலோகலோரி ஒரு மெகாகலோரி. மாட்டின் கணக்கு மெகாகலோரியில்தான் நடக்கிறது. ஒரு தீவனத்தை ஆய்வகக் கலனுக்குள் வைத்து முழுவதுமாக எரித்தால் வெளிவரும் வெப்பத்தை அதன் மொத்த எரிசக்தி என்கிறோம். மாவுச்சத்து கிராமுக்கு ஏறத்தாழ 4.2 கிலோகலோரியும், புரதம் 5.6 கிலோகலோரியும், கொழுப்பு 9.4 கிலோகலோரியும் தரும். இந்த எண்ணை மட்டும் வைத்துத் தீவனத்தை மதிப்பிட்டால் பெரிய தவறு நேரும். காய்ந்த சோளத்தட்டை ஒரு கிலோவையும் மக்காச்சோள மணி ஒரு கிலோவையும் எரித்துப் பார்த்தால் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு வெப்பம்தான் வரும். ஆனால் தட்டையை மட்டும் தின்ற பசு மெலிவதையும் மக்காச்சோளம் சேர்த்த பசு பால் கொடுப்பதையும் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆகவே தீவனத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, பசுவின் உடலுக்குள் எவ்வளவு சேர்கிறது என்பதையே நாம் அளக்க வேண்டும்.

தின்ற எரிசக்தியில் ஒரு பெரும் பங்கு செரிக்காமல் சாணத்தில் போய்விடுகிறது. எஞ்சியதைச் செரிக்கத்தக்க எரிசக்தி என்பார்கள். அதிலிருந்து சிறுநீரில் யூரியாவாகவும், மாட்டின் முதல் வயிறான அசையூண் இரைப்பையில் உருவாகி ஏப்பமாக வெளியேறும் மீத்தேனாகவும் மேலும் ஒரு பங்கு போகிறது; மீத்தேன் மட்டுமே தின்ற மொத்த எரிசக்தியில் 5 முதல் 7 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும். இவற்றைக் கழித்தபின் உடலுக்குக் கிடைப்பது வளர்சிதை எரிசக்தி. அசைபோடும் கால்நடைகளில் இது செரிக்கத்தக்க எரிசக்தியில் சுமார் 82 சதவீதம். மெல்லுதல், அசைபோடுதல், செரித்தல், சத்துகளை உருமாற்றுதல் ஆகிய வேலைகளிலேயே வெப்பமாகச் செலவாவதையும் கழித்தால் மிஞ்சுவதே நிகர எரிசக்தி. உடலைப் பேணுவதும், பால் சுரப்பதும், கருவை வளர்ப்பதும் இந்த மிச்சத்தில்தான். நார் மிகுந்த தீவனத்தில் இந்த வெப்ப இழப்பு அதிகம் என்பதால், வைக்கோலின் நிகர மதிப்பு நாம் நினைப்பதைவிடவும் குறைவு.

அன்றாட வேலைக்கு இவ்வளவு எரிசக்தி வகைகளும் வேண்டியதில்லை. நம் நாட்டுத் தீவன அட்டவணைகளில் பெரும்பாலும் கொடுக்கப்பட்டிருப்பது மொத்தச் செரிமான ஊட்டச்சத்து; சுருக்கமாக டி.டி.என். என்பார்கள். செரிக்கும் புரதம், செரிக்கும் நார், செரிக்கும் மாவுப்பொருள் ஆகியவற்றோடு, செரிக்கும் கொழுப்பை 2.25 ஆல் பெருக்கிக் கூட்டினால் வருவது இது. பெயரில் ஊட்டச்சத்து என்று இருந்தாலும் இது எரிசக்தியின் அளவுதான். ஒரு கிலோ டி.டி.என். என்பது 4.4 மெகாகலோரி செரிக்கத்தக்க எரிசக்திக்கு, அதாவது சுமார் 3.6 மெகாகலோரி வளர்சிதை எரிசக்திக்குச் சமம். நார்த்தீவனத்தின் மதிப்பைச் சற்றுக் கூட்டிக் காட்டும் குறை இந்த அளவுக்கு உண்டு; எனினும் கிலோ கணக்கில் எளிதாகக் கூட்டிக் கழிக்க முடிவதால் பண்ணையில் இதையே பயன்படுத்துவது நல்லது என்பது என் கருத்து.

பசுவின் எடையும் உடல் பேணும் தேவையும்

கணக்கின் முதல் எண் பசுவின் உடல் எடை. கண்ணால் பார்த்துச் சொல்லும் எடை 50 கிலோ வரை பிசகக்கூடும். ஆகவே நாடாவால் அளந்துவிடுங்கள். பசுவைச் சமதரையில் நான்கு கால்களும் நேராக ஊன்றும்படி நிறுத்தி, முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் மார்பைச் சுற்றி நாடாவை இறுக்காமலும் தொங்கவிடாமலும் பிடித்து, மார்புச் சுற்றளவை அங்குலத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தோள்பட்டை முனையிலிருந்து பின்புற இடுப்பெலும்பின் கடைசி முனை வரை நீளத்தை அளங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, வருவதை 660 ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 68 அங்குலமும் நீளம் 57 அங்குலமும் உள்ள ஒரு ஜெர்சி கலப்பினப் பசுவுக்கு இது 399 கிலோ என்று வரும். 400 என்று வைத்துக்கொள்ளலாம். காலையில் தீவனமும் தண்ணீரும் வைக்கும் முன் அளந்தால் வயிற்றின் நிறைவால் வரும் வேறுபாடு குறையும். நிறைசினைப் பசுவில் இந்த அளவு அவ்வளவு துல்லியமாக இராது.

எடை இரு மடங்கானால் எரிசக்தித் தேவையும் இரு மடங்காகும் என்று நினைப்பது இயல்பு. உடல் அப்படிச் செயல்படுவதில்லை. கலிபோர்னியாவில் பணியாற்றிய சுவிஸ் நாட்டு உடலியலாளர் மாக்ஸ் கிளைபர் 1932 இல் சிறியதும் பெரியதுமான பல விலங்குகளின் வெப்ப உற்பத்தியை ஒப்பிட்டு, அது உடல் எடையின் முக்கால் அடுக்குக்கு ஏற்ப உயர்கிறது என்று காட்டினார். ஓய்விலிருக்கும் உடலுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய கிலோகலோரி, இந்த அடுக்கெடையின் 70 மடங்கு. இதன்படி 10 கிலோ எடையுள்ள நாய்க்கு அடிப்படைத் தேவை 394 கிலோகலோரி. 40 கிலோ நாய்க்கு அது நான்கு மடங்காகாமல் சுமார் 1,110 கிலோகலோரியாகத்தான் இருக்கும். கணிப்பானில் முக்கால் அடுக்கு காண ஒரு சுலபமான வழி உண்டு: எடையை எடையால் பெருக்கி, அதை மீண்டும் எடையால் பெருக்கி, வர்க்கமூலப் பொத்தானை இரண்டு முறை அழுத்துங்கள். 400 ஐ இப்படிப் பெருக்கினால் 6,40,00,000, முதல் வர்க்கமூலம் 8,000, இரண்டாவது 89.4.

பாலும் கொடுக்காமல் சினையும் இல்லாமல் கொட்டகையில் நிற்கும் பசு, எடை கூடாமலும் குறையாமலும் இருக்க இந்த அடுக்கெடையில் கிலோவுக்கு 35 கிராம் டி.டி.என். வேண்டும். 400 கிலோ பசுவுக்கு இது 3.13 கிலோ. 300 கிலோ பசுவுக்கு 2.5 கிலோவும், 350 கிலோவுக்கு 2.8 கிலோவும், 450 கிலோவுக்கு 3.4 கிலோவும் வரும்.

இதன்மேல் சேர்க்க வேண்டியவை சில உண்டு. முதல் ஈற்றுப் பசு தானும் வளர்ந்துகொண்டே பால் கொடுக்கிறது. ஆகவே பேணும் தேவையில் 20 சதவீதம் கூட்டுங்கள். இரண்டாம் ஈற்றுக்கு 10 சதவீதம் போதும். மேய்ச்சலுக்கு நடக்கும் பசுவுக்கு நடக்கும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 3 சதவீதம் கூட்ட வேண்டும். காய்ந்த கரையிலும் தரிசிலும் போக வர மொத்தம் 5 கிலோமீட்டர் நடக்கும் பசு, பேணும் தேவையில் 15 சதவீதத்தை வழியிலேயே செலவழித்துவிடுகிறது. கோடையில் புல் இல்லாத மேய்ச்சல் காட்டுக்கு ஓட்டிச் செல்வதால் பசுவுக்குக் கிடைப்பதைவிட இழப்பதே அதிகமாகிவிடும் நாட்கள் உண்டு. அப்போது கொட்டகையில் கட்டித் தீவனம் போடுவதே மேல். சினையின் கடைசி இரண்டு மாதங்களில் கருவின் வளர்ச்சிக்காக 400 கிலோ பசுவுக்குச் சுமார் ஒரு கிலோ டி.டி.என். கூடுதலாக வேண்டும். பால் வற்றிவிட்டது என்ற காரணத்தால் பல வீடுகளில் தானியம், புண்ணாக்கு போன்ற அடர்தீவனம் முற்றாக நிறுத்தப்படுவது சரியாக இந்த இரண்டு மாதங்களில்தான் என்பதால், இந்த ஒரு கிலோவை நான் வலியுறுத்திச் சொல்கிறேன்.

பாலுக்கான தேவை

பாலில் போகும் எரிசக்தி அதன் கொழுப்பைப் பொறுத்தது. 4 சதவீதம் கொழுப்புள்ள பால் ஒரு கிலோவில் 750 கிலோகலோரி இருக்கும். அதைச் சுரக்கப் பசுவுக்கு 0.32 கிலோ டி.டி.என். வேண்டும். கொழுப்பு 3.5 சதவீதமானால் 0.30 கிலோ, 4.5 ஆனால் 0.34 கிலோ, 5 ஆனால் 0.36 கிலோ; அரை சதவீதத்துக்கு 20 கிராம் கூடுகிறது அல்லது குறைகிறது என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். சங்கத்தில் பாலுக்குத் தரும் சீட்டில் கொழுப்பு அளவு இருக்கும். ஒரு நாள் அளவை மட்டும் எடுக்காமல் ஒரு வாரச் சராசரியை எடுங்கள். பாலை நாம் லிட்டரில் அளக்கிறோம். ஒரு லிட்டர் பால் 1.03 கிலோ.

நம் 400 கிலோ பசு மூன்றாம் ஈற்றில், நாளைக்கு 10 லிட்டர் பால், 4 சதவீதம் கொழுப்பு, கொட்டகையில் கட்டுத்தரை வளர்ப்பு என்று கொள்வோம். பேணுவதற்கு 3.13 கிலோ, 10.3 கிலோ பாலுக்கு 3.30 கிலோ, மொத்தம் 6.43 கிலோ டி.டி.என். கலோரியில் சொன்னால் சுமார் 23 மெகாகலோரி வளர்சிதை எரிசக்தி.

தீவனம் தருவது எவ்வளவு?

இங்கே முதலில் கழிக்க வேண்டியது தண்ணீரை. கம்பு நேப்பியர் வகையான கோ-4, கோ-5 போன்ற பசுந்தீவனத்தில் உலர்பொருள் ஐந்தில் ஒரு பங்குதான். 15 கிலோ புல் வெட்டிப் போட்டால் 3 கிலோ உலர்பொருளே பசுவுக்குப் போகிறது. வைக்கோலிலும் அடர்தீவனத்திலும் உலர்பொருள் 90 சதவீதம். அடுத்து, அந்த உலர்பொருளில் டி.டி.என். எவ்வளவு என்று பார்க்க வேண்டும். நெல் வைக்கோலில் சுமார் 40 சதவீதம், சோளத்தட்டையில் 50 முதல் 55, சரியான பருவத்தில் அறுத்த கம்பு நேப்பியரில் 55, நல்ல கலப்புத் தீவனத்தில் 70, மக்காச்சோளத்தில் 85. புல்லை முற்றவிட்டு அறுத்தால் இந்த 55 விரைவாகக் குறைந்துவிடும். எடை கூடுதலாகக் கிடைக்கிறதே என்று 60, 70 நாள் வரை காத்திருப்பவர்கள் அந்த எடையைத் தண்டாகத்தான் பெறுகிறார்கள். சேலம், நாமக்கல் பக்கம் மலிவாகக் கிடைக்கும் மரவள்ளித் திப்பி எரிசக்தி மிக்கது. ஆனால் அதில் புரதம் 2, 3 சதவீதத்துக்கு மேல் இருப்பதில்லை என்பதால், புண்ணாக்குடன் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

நம் பசுவுக்கு இப்போது போடப்படுவது 5 கிலோ வைக்கோல், 15 கிலோ பசும்புல், 4 கிலோ கலப்புத் தீவனம் என்று கொள்வோம். கைக்கணக்கில் அல்லாமல், ஒரு நாளாவது தராசில் நிறுத்துப் பாருங்கள்; பசு அன்று மிச்சம் வைத்ததையும் நிறுத்துக் கழியுங்கள். வைக்கோலில் 4.5 கிலோ உலர்பொருள், அதில் 1.80 கிலோ டி.டி.என். புல்லில் 3 கிலோ உலர்பொருள், 1.65 கிலோ டி.டி.என். கலப்புத் தீவனத்தில் 3.6 கிலோ உலர்பொருள், 2.52 கிலோ டி.டி.என். மொத்தம் 11.1 கிலோ உலர்பொருளில் 5.97 கிலோ டி.டி.என். கிடைக்கிறது. தேவை 6.43. பற்றாக்குறை 0.46 கிலோ.

தொழுவத்தில் நின்று பார்த்தால் இந்தப் பசு பசியோடு இருப்பதாகத் தெரியாது. வயிறு நிறைந்திருக்கும், அசைபோடும், பாலும் கொடுக்கும். ஆனால் குறையும் அரைக் கிலோவை அது தன் உடலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. உடல் எடையில் ஒரு கிலோ கரைந்தால் 2.17 கிலோ டி.டி.என். அளவுக்குப் பால் சுரக்கலாம். ஆகவே நாளைக்கு 200 கிராமுக்கு மேல், மாதத்துக்கு 6 கிலோவுக்கு மேல், பசு கரைந்துகொண்டிருக்கும். கலோரியிலும் இதைப் பார்க்கலாம்: தின்ற மொத்த எரிசக்தி ஏறக்குறைய 45 மெகாகலோரி, சாணத்தில் போனது 19, சிறுநீரிலும் மீத்தேனிலும் போனது 5 க்குச் சற்றுக் குறைவு, உடலுக்குக் கிடைத்தது 21 அல்லது 22. பாலில் வெளியேறுவது 7.7. அதாவது தின்றதில் ஆறில் ஒரு பங்குதான் பாலாகிறது.

பற்றாக்குறையை எப்படி நிரப்புவது?

பசு ஒரு நாளில் தின்னக்கூடிய உலர்பொருளுக்கு எல்லை உண்டு. கலப்பினக் கறவைப் பசுவுக்கு அது உடல் எடையில் 2.5 முதல் 3 சதவீதம். நம் பசுவுக்கு உச்சமாக 12 கிலோ. ஏற்கெனவே 11.1 கிலோ போய்விட்டது. எஞ்சிய 0.9 கிலோ இடத்துக்குள் 0.46 கிலோ டி.டி.என். ஐ அடக்க வேண்டும். கணக்கு முழுவதிலும் இதுவே முடிச்சு.

வைக்கோலைக் கூட்டி இதை அவிழ்க்க முடியாது. 0.46 கிலோ டி.டி.என். வேண்டுமானால் 1.15 கிலோ உலர்பொருள் வைக்கோல் தேவை. அது 12 கிலோ எல்லையைத் தாண்டுகிறது, பசுவும் அதைத் தின்னாமல் கழித்துவிடும். வைக்கோல் மட்டுமே தீவனமாக இருந்தால் பசு தின்பது உடல் எடையில் 2 சதவீதத்தைத் தாண்டுவது அரிது. 400 கிலோ பசு தின்னும் 7 கிலோ உலர்பொருளில் 3 கிலோ டி.டி.என். கூடச் சேராது, அதாவது, வற்றிய பசுவைப் பேணவே அது போதாது.

மக்காச்சோளத்தை உடைத்து 600 கிராம் சேர்த்தால் 0.54 கிலோ உலர்பொருளில் 0.46 கிலோ டி.டி.என். கிடைத்துவிடும், இடமும் மிஞ்சும். தோட்டத்தில் புல் இருப்பவர் 2 கிலோ வைக்கோலைக் குறைத்து 10 கிலோ பசும்புல்லைக் கூட்டலாம். வைக்கோல் குறைவதால் 0.72 கிலோ இழந்து புல்லால் 1.10 கிலோ பெறுகிறோம், கூடுவது 0.38. பற்றாக்குறை 80 கிராமாகச் சுருங்குவதோடு, புல்லின் புரதமும் உயிர்ச்சத்தும் உடன் வருகின்றன. சொந்தப் புல் இருந்தால் இந்த இரண்டாம் வழியையே நான் சொல்வேன். வைக்கோலைத் தவிர வேறு வழியில்லாத இடங்களில் யூரியா ஊட்டம் பயன்படும்: 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைச் சுமார் 60 லிட்டர் தண்ணீரில் முழுவதுமாகக் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி 21 நாள் வைத்தபின் ஆறவிட்டுக் கொடுத்தால் அதன் செரிமானமும் பசு தின்னும் அளவும் உயரும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்கு இதைக் கொடுக்கக் கூடாது. யூரியாவைத் தண்ணீரில் கரைத்து நேரடியாகக் குடிக்க வைப்பது உயிருக்கே ஆபத்து.

பால் குறைந்தவுடன் கடலைப் புண்ணாக்கைக் கூட்டுவது நம்மிடையே உள்ள வழக்கம். இந்தப் பசுவுக்கு நாளைக்கு 1.25 கிலோ புரதம் வேண்டும். இப்போது போடும் தீவனமே 1.23 கிலோ தருகிறது. புண்ணாக்கிலும் எரிசக்தி உண்டுதான். ஆனால் நாம் கொடுப்பது புரதத்துக்கான விலை. மிகுந்த புரதத்தை யூரியாவாக்கி வெளியேற்றப் பசு தன் எரிசக்தியையும் செலவிட வேண்டியிருக்கிறது.

எரிசக்திச் செறிவுக்கும் தின்னும் அளவுக்கும் உள்ள உறவைக் கோழிப் பண்ணையாளர்கள் நன்கு அறிவார்கள். முட்டைக்கோழி தன் எரிசக்தித் தேவை நிறையும் வரை தின்னும். தீவனத்தில் கிலோவுக்கு 2,600 கிலோகலோரியை 2,800 ஆக்கினால் அது தின்பதைக் குறைத்துக்கொள்ளும். அப்போது புரதத்தையும் சுண்ணாம்பையும் அதே விகிதத்தில் உயர்த்தாவிட்டால் முட்டை சிறுக்கும், ஓடு மெலியும். பசுவிலோ செறிவு குறைந்த தீவனத்தில் வயிற்றின் கொள்ளளவு குறுக்கே நிற்கிறது. தேவை நிறையும் முன்பே இடம் நிறைந்துவிடுகிறது.

செறிவைக் கூட்டுவதன் எல்லை

அப்படியானால் தானியத்தையே நிறையப் போட்டுவிடலாமே என்று தோன்றும். பசுவுக்குக் கிடைக்கும் எரிசக்தியில் ஏறத்தாழ 70 சதவீதம், அசையூண் இரைப்பையிலுள்ள நுண்ணுயிரிகள் தீவனத்தை நொதிக்கவைத்து உண்டாக்கும் அசிட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் அமிலங்களிலிருந்தே வருகிறது. நாரை உண்ணும் நுண்ணுயிரிகளுக்கு மிதமான சூழல் தேவை. மாவுச்சத்து திடீரென்று பெருகினால் அமிலம் குவிந்து, கார அமில நிலை (pH) 5.5 க்குக் கீழே இறங்கி, பசு தீவனத்தை மறுத்து, வயிறு கெட்டு, சாணம் தண்ணீராகி, கடுமையான நிலையில் எழ முடியாமல் படுத்துவிடும். மாட்டுப் பொங்கலை ஒட்டிய நாட்களில் அன்பு மிகுதியால் வாளி வாளியாகப் பொங்கலும் சோறும் வைக்கப்பட்ட மாடுகள் இப்படித்தான் மருத்துவமனைக்கு வருகின்றன. கல்யாண வீட்டு மிச்சச் சோறும் அப்படியே. இரண்டு கைப்பிடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் தின்றுவிட்டது தெரிந்தால் அறிகுறிக்குக் காத்திராமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

ஆகவே புதிய தீவனம் எதையும் பத்து நாள் எடுத்துச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். அடர்தீவனத்தை ஒரு வேளைக்கு 2 முதல் 2.5 கிலோவுக்கு மேல் வைக்காமல் மூன்று வேளையாகப் பிரியுங்கள். மொத்த உலர்பொருளில் அடர்தீவனம் பாதிக்குச் சற்று மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாலில் கொழுப்புத் திடீரென்று இறங்குவது நார் குறைந்துவிட்டதற்கான முதல் எச்சரிக்கை. கொழுப்பின் கலோரி கிராமுக்கு இரு மடங்குக்கும் மேல் என்பதற்காக எண்ணெயை ஊற்றுவதும் தவறு. உலர்பொருளில் 6 சதவீதத்தைத் தாண்டினால் அது நார்ச் செரிமானத்தைத் தடுக்கும். இரைப்பையில் கரையாமல் கடந்துபோகும்படி செய்யப்பட்ட பைபாஸ் கொழுப்பை நாளைக்கு 100 முதல் 200 கிராம் வரை அதிகப் பால் கறக்கும் பசுவுக்குத் தரலாம். 6, 7 லிட்டர் கறக்கும் பசுவுக்கு அது வீண்செலவு.

ஈன்ற பின் வரும் முதல் இரண்டு மாதங்கள்

ஈன்ற நான்கு முதல் எட்டு வாரத்தில் பால் உச்சத்தைத் தொடுகிறது. தின்னும் அளவு உச்சத்துக்கு வரப் பத்து முதல் பதினான்கு வாரமாகிறது. இந்த இடைவெளியில் கணக்கு எப்படியும் துண்டு விழும். 20 லிட்டர் கறக்கும் 400 கிலோ பசுவுக்கு 9.7 கிலோ டி.டி.என். வேண்டும். அது உச்ச அளவான 12 கிலோ உலர்பொருளைத் தின்றாலும் அதில் 81 சதவீதம் டி.டி.என். இருந்தாக வேண்டும், நாரோடு கூடிய எந்தத் தீவனமும் அவ்வளவு செறிவாக இருக்க முடியாது. எனவே பசு தன் கொழுப்பைக் கரைத்தே தீரும். அது அளவோடு நடக்கும்படி பார்ப்பதுதான் நம் வேலை. ஒன்றிலிருந்து ஐந்து வரையான உடல் நிலை மதிப்பெண்ணில் ஈனும்போது பசு மூன்றேகாலில் இருந்து மூன்றரைக்குள் இருக்க வேண்டும்: விலா எலும்புகள் கண்ணுக்குத் தெரியக் கூடாது, கையால் லேசாக அழுத்தினால் உணர முடிய வேண்டும், வாலடியின் இரு பக்கமும் குழிந்தும் இருக்கக் கூடாது, கொழுத்துத் திரண்டும் இருக்கக் கூடாது. ஈன்ற பின் அரையிலிருந்து முக்கால் மதிப்பெண் வரை இறங்குவது இயல்பு. ஒன்றுக்கு மேல் இறங்கினால் பருவத்துக்கு வருவது தள்ளிப்போகும், சினை பிடிப்பதும் குறையும். கொழுப்பு மிக வேகமாகக் கரையும்போது கீட்டோசிஸ் நோய் வருகிறது. பசு அடர்தீவனத்தை ஒதுக்கிவிட்டு வைக்கோலை மட்டும் மெல்வதும், மூச்சிலும் பாலிலும் நகப்பூச்சு நீக்கியைப் போன்ற அசிட்டோன் வாடை வீசுவதும் அதன் அடையாளங்கள்.

ஈனுவதற்கு இரண்டு, மூன்று வாரம் முன்பிருந்தே அடர்தீவனத்தை மெதுவாக அறிமுகப்படுத்தி, ஈன்ற பின் நாளைக்குக் கால் கிலோ வீதம் உயர்த்திக்கொண்டு போனால் இரைப்பை நுண்ணுயிரிகள் பழகிவிடும். வற்றிய காலத்தில் அளவுக்கு மீறிக் கொழுக்கவைத்த பசு, ஈன்ற பின் இன்னும் குறைவாகத்தான் தின்னும் என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள்.

கோடையில் கணக்கு மாறுவது

கலப்பினப் பசுவுக்கு வெப்பநிலை 25, 26 டிகிரியைத் தாண்டும்போதே உளைச்சல் தொடங்குகிறது; நம் சமவெளி மாவட்டங்களில் சித்திரை, வைகாசியில் பகல் 38 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். இரைக்க இரைக்க மூச்சுவிட்டு உடலைக் குளிர்விக்கவே பேணும் தேவை 7 முதல் 25 சதவீதம் வரை கூடுகிறது. அதே வேளையில் பசு தின்பதும் குறைகிறது. செரிக்கும்போது அதிக வெப்பம் உண்டாக்கும் வைக்கோலை நண்பகலில் வைத்தால் பசு அதைத் தொடாது. வைக்கோலையும் தட்டையையும் இரவு எட்டு மணிக்குப் பிறகும் விடியற்காலையிலும் வையுங்கள். பகலில் பசும்புல்லும், நிழலும், நாள் முழுவதும் குளிர்ந்த தண்ணீரும் இருக்கட்டும். தின்னும் அளவு ஒரு கிலோ குறைந்தால் எஞ்சியதில் செறிவு அதற்கேற்பக் கூட வேண்டும். பைபாஸ் கொழுப்புக்குக் கொடுக்கும் பணம் உண்மையில் பயன் தருவது இந்த மாதங்களில்தான்.

தீவனத்தை மாற்றியபின் இரண்டு வாரம் பொறுத்து நாடாவை மீண்டும் எடுங்கள். அட்டவணை எண்கள் எல்லாம் சராசரிகள். உங்கள் வைக்கோலும் உங்கள் புல்லும் அவற்றிலிருந்து வேறுபடும், பசுவுக்குப் பசுவும் வேறுபடும். மார்புச் சுற்றளவு குறையாமல் நின்று, பால் நிலைத்து, எஸ்.என்.எஃப் மெல்ல ஏறினால் கணக்கு சரியாக அமைந்திருக்கிறது. சுற்றளவு கூடிக்கொண்டே போய் பால் கூடவில்லையென்றால் 200 கிராம் தானியத்தைக் குறைத்துப் பாருங்கள். சுற்றளவும் பாலும் சேர்ந்தே குறைந்தால் கணக்கைத் திருத்தும் முன் குடற்புழு நீக்கம் செய்து எத்தனை மாதமாகிறது, வாயில் புண் உண்டா, தண்ணீர்த் தொட்டி சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு பசுவுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கிய நோட்டில் தேதி, சுற்றளவு, பால், கொழுப்பு, எஸ்.என்.எஃப், போட்ட தீவனத்தின் எடை ஆகியவற்றை மாதம் இருமுறை எழுதி வைத்தால், அடுத்த ஈற்றில் அந்தப் பசுவுக்குத் தொடக்கத்திலிருந்தே எவ்வளவு வைக்க வேண்டும் என்பதை அந்தப் பக்கத்தைப் பார்த்தே முடிவுசெய்யலாம்.